திரும்பினாள்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உறுதியான செய்தி: மிளகு வளர்ச்சிப் பரிசோதனையில் தேறிவிட்டாள். சொன்னவர்: இங்குள்ள சுகாதார நிலையத்து நர்ஸ் அம்மா, நேற்றுக் காலை எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து.

அப்பா போட்டுவைத்த வரிசை எனக்கு மறக்கவில்லை, பார்த்தாயா? முதலில் செய்தி, அடுத்து சொன்னவர், கடைசியில் இன்னும் வரவேண்டியது என்ன, எப்போது. பத்திரிகைக்காரர் வீட்டில் பிறந்துவிட்டுக் கடிதத்தை நடுவிலிருந்து தொடங்கினால் அவர் ஆவி பிழை திருத்த வந்துவிடும். என் கல்யாணப் பேச்சின்போது அவர் உனக்கு எழுதியது நினைவிருக்கிறதா? "மாப்பிள்ளை நல்லவர் என்று நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன." அந்த வட்டாரம் மாப்பிள்ளையின் சொந்தப் பெரியம்மா.

நீ அங்கே ஆஸ்பத்திரியில் தினமும் செய்கிற அதே பரிசோதனைதான். ஒன்றரை வயதுக் குழந்தைகளை வீடு வீடாகப் பார்க்கிறார்கள். மரக்கட்டைகளைக் கொடுத்தார், அடுக்கினாள். படப் புத்தகத்தைக் கொடுத்தார், தாளைப் புரட்டினாள். "பந்த அம்மாகிட்ட குடு" என்றார். நான் கையை நீட்டினேன், ஓடி வந்து வைத்தாள். பலகைத் தரை அதிர அவள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து, "கால் ரெண்டும் கெட்டி" என்று நர்ஸ் அம்மாவே சிரித்தார். பிறந்தபோது உள்ளங்கை அளவு இருந்தாளே என்று மிளகு என்று கூப்பிட ஆரம்பித்தோம். இப்போது பூசணிக்காய் என்று மாற்றலாமா என்கிறார் இவர்.

"எத்தனை வார்த்தை பேசறா?" என்றும் கேட்டார். "அதெல்லாம் பேசறா" என்றேன். குறித்துக்கொண்டார்.

மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுகிறாரா, இல்லை இன்னும் கீழே நின்று உன்னைக் கூப்பிட்டு வேலை வாங்குகிறாரா?

வரவேண்டியது: இரண்டு வயதில் அடுத்த பரிசோதனை. செப்டம்பர்.

தங்கை


மார்ச் 19

அன்புள்ள சின்னுவுக்கு,

உறுதியான செய்தி: உன் கடிதத்தை மாமா இரண்டு முறை சத்தம் போட்டுப் படித்தார். சொன்னவர்: பக்கத்து வீட்டுக்காரர், சுவர் வழியாகக் கேட்டதாக. முழங்கால் தேவலை. கீழே நின்று கூப்பிடுகிற பழக்கம் மட்டும் தேறவில்லை.

மிளகு அடுக்கிய கட்டைகளை நானே பார்த்த மாதிரி இருந்தது. என் அறையில் குட்டை மேஜை ஒன்று, அதைவிடக் குட்டையாக இரண்டு நாற்காலிகள், கட்டைகள் போட்டுவைக்கும் தகர டப்பா. போன வாரம் ஒரு வாண்டு, கட்டைகளைத் தன் அம்மாவின் பைக்குள் போட்டு மூடிவிட்டு "டாட்டா" என்று கிளம்பிவிட்டது. இன்னொரு பிள்ளையிடம் "உன் பேரு என்ன?" என்று கேட்டேன். அவன் அப்பா எழுந்து நின்று தன் பெயரை இனிஷியலோடு சொன்னார்.

சிரிக்காதே, எல்லாரும் அப்படித்தான். என்னிடம் வரும் அம்மாக்கள் பொய் சொல்வதில்லை, முந்திக்கொள்கிறார்கள். குழந்தை வாய் திறக்குமுன் பதில் வந்துவிடும். அதனால் நான் எண்ணிக்கை கேட்பதை விட்டுவிட்டேன். "என்னென்ன வார்த்தை, நீங்களே சொல்லிக் காட்டுங்க" என்பேன்.

உன்னிடமும் அதையே கேட்கிறேன், ஆசையாக. மிளகு என்னென்ன சொல்கிறாள்? அவள் சொல்வது போலவே எழுது. உன்னை என்ன என்று கூப்பிடுகிறாள்?

பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டாயா? சுண்ணாம்புத் தூசி உனக்கு ஆகாது, பார்த்துக்கொள்.

வரவேண்டியது: அந்த வார்த்தைகள். உனக்கு நேரம் கிடைக்கும்போது.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உறுதியான செய்தி: மிளகுக்கு மின்நிலையத்தில் வேலை கிடைத்துவிட்டது. சொன்னவர்: ஃபோர்மன் அண்ணன்.

அணைக்கு அடியில் டர்பைன் ஓடும் ஹாலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அங்கே எல்லாம் கைதான். உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிறுத்து, விரலைச் சுழற்றினால் வால்வைத் திற, கட்டைவிரலை வாயருகே கொண்டுபோனால் தண்ணீர். இவர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தும் அந்தக் கையை இறக்கிவைப்பதில்லை. "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று முதலில் சண்டை போட்டேன். இப்போது எனக்கும் தொற்றிவிட்டது. வகுப்பில் கூடப் பிள்ளைகளைக் கையாலேயே உட்கார வைக்கிறேன்.

மிளகு அத்தனையும் பிடித்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஃபோர்மன் அண்ணன் வந்திருந்தார். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து கட்டைவிரலை வாயருகே காட்டினார். இவள் விடுவிடுவென்று போய்த் தன் தம்ளரை எடுத்துவந்து நீட்டினாள்! "எங்க பசங்களுக்கு மூணு மாசம் ஆவுது இத கத்துக்க. நாளைக்கே கூட்டிட்டு வாங்க, ஷிப்ட் போட்டுடறேன்" என்றார்.

என் முகத்தைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொள்வாள் அக்கா. வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. அவ்வளவு கவனம். தூக்கமும் அப்பன் போலவே. தண்ணீர் திறந்துவிடும்போது ஊதுகிற சைரனுக்கு ஊர் நாயெல்லாம் ஊளையிடும், இவள் புரண்டுகூடப் படுக்க மாட்டாள். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம், பழகிவிட்டது.

பேச்சு கொஞ்சம் மெதுவாகத்தான் வரும்போல. இவர் வீட்டில் எல்லாரும் அப்படித்தானாம். இவர் மூன்று வயதில் திடீரென்று முழு வாக்கியமாகவே பேசினாராம், மாமியார் சொன்னது.

நீ சாப்பிடுகிறாயா ஒழுங்காக? மாமாவுக்குச் செய்துபோட்டுவிட்டு நின்றுகொண்டே சாப்பிடாதே.

வரவேண்டியது: உன் பதில். சீக்கிரம்.

தங்கை


மே 11

அன்புள்ள சின்னுவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மாமா நன்றாக இருக்கிறார். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

என் அறைக்கு வெள்ளையடித்தார்கள். அதனால் ஒரு வாரம் நடைபாதையில் மேஜையைப் போட்டு வேலை பார்த்தோம். பிறகு கூட்டம். அப்புறம் மழை. தகர டப்பா துருப்பிடித்துவிட்டது, பிளாஸ்டிக் டப்பா தந்திருக்கிறார்கள். குழந்தைகளுக்குப் பிடிக்கவில்லை, கட்டை விழும் சத்தம் வருவதில்லை.

மிளகுடன் ஒரு விளையாட்டு விளையாடிப் பாரேன். அவள் எதிலாவது ஆழ்ந்திருக்கும்போது, அவள் பார்வை படாத இடத்தில், பின்னால், நின்றுகொள். நடக்காமல், எதையும் தட்டாமல், சும்மா பெயர் சொல்லிக் கூப்பிடு. என்ன செய்கிறாள் என்று எனக்கு எழுது. வெறும் விளையாட்டுக்குத்தான்.

மழைக்காலத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

அக்கா


மே 24

அக்காவுக்கு,

எல்லாரும் சௌக்கியம்.

ஐந்து வாரம் கழித்து வெள்ளையடித்த கதை எழுதுகிறாய். செய்தியும் இல்லை, சொன்னவரும் இல்லை, வரவேண்டியதும் இல்லை. அப்பா இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார். உனக்கு விளையாடத் தோன்றினால் நேரே வந்து விளையாடு. நான் உன் மேஜைக்கு முன்னால் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் இல்லை.

பின்னால் நின்று கூப்பிட்டேன். திரும்பினாள்.

பரிசோதித்தவர் தேறிவிட்டாள் என்று சொல்லியாயிற்று. அவரும் உன்னைப் போலப் படித்துவிட்டு வந்தவர்தான். இனிமேல் கட்டை, பந்து, வார்த்தை என்று எனக்கு எழுதாதே. அக்காவாக எழுதுவதானால் எழுது.

மாமாவுக்கு என் வணக்கம்.

தங்கை


ஜூன் 8

அன்புள்ள சின்னுவுக்கு,

நீ திட்டியது சரி. ஒழுங்காக எழுதுகிறேன்.

உறுதியான செய்தி என்று என்னிடம் எதுவும் இல்லை. இருப்பது ஒரு சந்தேகம். மிளகுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். சொன்னவர்: நீ. உன் ஏப்ரல் மாதக் கடிதம்.

முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்கிறாள் என்றாய். கையைப் பார்த்துத் தம்ளர் கொண்டுவந்தாள் என்றாய். சைரனுக்கு அசையவில்லை என்றாய். அவள் பேசும் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. இதை என் மேஜைக்கு எதிரே வேறோர் அம்மா சொல்லியிருந்தால், அன்றைக்கே எழுந்து பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பயப்படாதீங்கம்மா, காத ஒரு தடவ பாத்துடலாம்" என்றிருப்பேன். இருபது வருடமாகச் சொல்கிற வாக்கியம். உனக்கு எழுத உட்கார்ந்தால் பேனா வெள்ளையடிக்கப் போய்விட்டது.

நர்ஸ் அம்மா மேல் தவறு இல்லை. பந்தைக் கொடு என்றார், நீ கையை நீட்டினாய். மிளகு கைக்குப் பதில் சொன்னாள். உங்கள் வீட்டில் கை பேசுகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? இந்தப் பரிசோதனையில் தேறுவது, தோற்பது என்று எதுவும் இல்லை சின்னு. இப்போதைக்குப் போதும் என்போம், அல்லது இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்போம். அவ்வளவுதான்.

திரும்பினாள் என்று எழுதியிருந்தாய். உங்கள் வீட்டுத் தரை பலகை. அவள் ஓடினால் அதிர்கிறது என்று நீதான் எழுதினாய். நீ நடந்தாலும் அதிரும். கூப்பிட்டபோது நீ எங்கே நின்றாய், கால் அசைந்ததா, என்ன சத்தத்தில் கூப்பிட்டாய் என்று எழுதவில்லை.

என் சந்தேகம் தப்பாகப் போனால் வாழ்நாள் பூராவும் சொல்லிச் சொல்லிக் காட்டு, நான் கேட்டுக்கொள்கிறேன். சரியாக இருந்தால் நாள் முக்கியம். இந்த வயதில் ஒவ்வொரு மாதமும் கணக்குத்தான். நீங்கள் இருக்கும் இடத்தில் பிறந்த குழந்தைக்குக் காது பார்க்கும் கருவி இல்லை என்று தெரியும். கீழே நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் உண்டு.

மின்நிலையத்துப் போனில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். டர்பைன் இரைச்சலில் பாதி போகும், மீதியை நாம் இருவரும் அழுது கெடுப்போம். அதனால்தான் எழுதினேன்.

வரவேண்டியது: உன் பதில். எப்போது என்று நான் எழுதவில்லை.

அக்கா


ஜூலை 15

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். மாமா சுகம்தானே? எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உங்கள் வீட்டு முறைப்படி செய்தி முதலில் வரவேண்டும் என்று தெரியும். அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

பாப்பாவுக்குக் காது கேட்கவில்லை. சொன்னவர் யாருமில்லை, நானே பார்த்தேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சமைக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். பாப்பாவைக் கீழே விடாமல் இடுப்பிலேயே வைத்திருக்கிறாள். கேட்டால், "உங்க வேலைய பாருங்க" என்கிறாள். கடிதத்தை அவள்தான் என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். படிக்கச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மே மாதம் நீங்கள் சொன்ன விளையாட்டை அவள் விளையாடியபோது நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரியாது. பாப்பா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து கரண்டியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். இவள் பின்னால் நின்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். அப்புறம் கத்தினாள். அப்புறம் காலைப் பலகையில் ஓங்கி வைத்தாள். பாப்பா திரும்பிச் சிரித்தாள். இவள் அவளை அள்ளிக்கொண்டு, "பாத்தியா, பாத்தியா, கேக்குதுல்ல உனக்கு" என்று முத்தமாகக் கொடுத்தாள். நான் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

போன ஞாயிறு பாப்பாவை அணையின் மேலுள்ள நடைபாதைக்குக் கூட்டிப் போனேன். அங்கே எல்லாம் சிமெண்டு, அதிராது. குத்துக்கால் வைத்து எறும்பு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டுக்கொண்டபடி ஃபோர்மன் அண்ணன் பின்னாலிருந்து ஒரு இரும்புத் தட்டைக் கீழே போட்டார். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவள் எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் வேற வேல குடுக்கறேன்னு கிண்டல் பண்ணேனேடா" என்றார். ஹாலுக்குள் நின்றால் காது கேட்கிறவனும் ஒன்றுதான், கேட்காதவனும் ஒன்றுதான். அதனால்தான் எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. இந்தக் கையாலேயே அவளைக் கெடுத்துவிட்டேனா என்று இருக்கிறது. ஒரு வாரமாகக் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். பாப்பா வந்து பாக்கெட்டைப் பிடித்து இழுக்கிறாள்.

நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். இவளிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை


ஜூலை 26

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா சுகம். உங்கள் கடிதத்தை அவரிடமும் படித்துக் காட்டினேன். முடிந்ததும் அவராகவே மாடிப்படி ஏறிப் போய் மேலே உட்கார்ந்துகொண்டார்.

முதலில் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுங்கள். இந்தக் கடிதத்தை முழுக்கப் படிக்கும் முன்பே எடுங்கள். நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. காது கேட்காத பல குழந்தைகளுக்கு இந்த வயதில் தாகம் என்று சொல்லக்கூட வழியிருக்காது. மிளகுக்கு இருக்கிறது. அதைக் கொடுத்தது உங்கள் ஹால். ஒரு வாரமாக வீட்டுக்குள் யாரும் அவளிடம் பேசவில்லை, அவளுக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

தட்டு விழுந்தபோது அவள் திரும்பவில்லை என்பது மட்டும்தான் இப்போது நமக்குத் தெரியும். எவ்வளவு கேட்கவில்லை, ஏன் என்பதை உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. கருவிதான் சொல்லும். நகரத்து ஆஸ்பத்திரியில் காது பரிசோதிப்பவர் என்னோடு பயிற்சியில் இருந்தவர். ஆகஸ்ட் 14 காலை நேரம் வாங்கியிருக்கிறேன். பரிசோதனையின்போது பாப்பா தூங்கவேண்டும். அதனால் அன்று சீக்கிரம் எழுப்பி, பஸ்ஸில் தூங்கவிடாமல் கூட்டிப் போங்கள்.

சின்னுவிடம் நீங்களே சொல்லுங்கள். நான் எழுதி அவள் படிப்பதாக இருக்கக் கூடாது. வாசலில் நின்று பார்த்ததையும் சொல்லுங்கள். கோபப்படுவாள். பக்கத்திலேயே இருங்கள்.

வரவேண்டியது: ஆகஸ்ட் 14.

அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உறுதியான செய்தி: மிளகுக்கு இரண்டு காதும் மிகக் குறைவாகத்தான் கேட்கிறது. சொன்னவர்: உன் சிநேகிதி, பதினாலாம் தேதி, பரிசோதனை அறையில், என் கையைப் பிடித்துக்கொண்டு.

திருத்தம்: மே 24 தேதியிட்ட கடிதத்தில் "திரும்பினாள்" என்று வெளியான செய்தி சரியானதல்ல. தவறுக்கு வருந்துகிறேன். அப்பா திருத்தங்களை எப்போதும் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் போட்டு ஒளித்துவைப்பார். நான் மேலேயே போட்டுவிட்டேன்.

இவர் என்னிடம் சொன்ன அன்று கத்தினேன். "வாசல்ல நின்னு வேவு பாத்தீங்களா?" என்று கேட்டேன். இவர் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். நிறுத்து. எனக்கு அழுகை வந்துவிட்டது. மிளகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தம்ளரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

பஸ்ஸில் அவளைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது ஒரு யுத்தம். பரிசோதனை அறையில் திரை போட்டிருந்தார்கள். என் மடியில் தூங்கினாள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர்களை ஒட்டி, காதுக்குள் சத்தத்தை அனுப்பினார்கள். மூளை பதில் சொன்னால் திரையில் கோடு மேடு தட்ட வேண்டுமாம். சத்தத்தைக் கூட்டக் கூட்டக் கோடு அப்படியே போய்க்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் கோட்டைக் காலால் மிதித்து எழுப்ப வேண்டும் போல இருந்தது அக்கா. கடைசியில், ரொம்பச் சத்தமாக வைத்தபோது, லேசாக ஒரு மேடு தெரிந்தது. உன் சிநேகிதி அதைத்தான் விரலால் தொட்டுக் காட்டினார். "இத வெச்சுத்தான் இனிமே நாம வேல செய்யணும்" என்றார்.

காதில் மாட்டும் கருவிக்கு அச்சு எடுத்தார்கள். பாப்பா ஊரைக் கூட்டினாள். மாட்டிய பிறகு எவ்வளவு கேட்கும், பேச்சு எவ்வளவு வரும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாதாம். கையை விடவே கூடாது, அதையும் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். ஃபோர்மன் அண்ணனும் கற்றுக்கொள்ளப் போகிறாராம். "தப்புத் தப்பா சொல்லிக் குடுத்துருக்கேன்னா புள்ள என்னத் திட்டுமே" என்கிறார்.

மார்ச் மாதம் நீ கேட்டதற்கு நான் பதில் எழுதவில்லை. என்னென்ன சொல்கிறாள், என்னை எப்படிக் கூப்பிடுகிறாள் என்று கேட்டாய். ஒன்றும் இல்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போன வாரம் இவர்தான் காட்டினார். இவரைக் கூப்பிட மிளகு விரலைச் சுழற்றுகிறாள், வால்வு திறக்கிற மாதிரி. ஃபோர்மன் அண்ணனுக்கு மேலுதட்டில் மீசையை முறுக்குகிறாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் தட்டித் தட்டித் தேய்ப்பாள். கைதட்டி விளையாடுகிறாள் என்று நினைத்திருந்தேன். நான் வாசலில் நின்று சுண்ணாம்புத் தூசியைத் தட்டிவிடுகிறேனே, அதைத்தான் செய்கிறாள். எத்தனை மாதமாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், நான்தான் திரும்பவில்லை.

கருவி மாட்டும் நாளுக்கு நீ விடுப்புப் போட்டுவிட்டாய் என்று மாமா எழுதியிருந்தார். அவரையும் கூட்டி வா. ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இருக்கிறது.

வரவேண்டியவை இரண்டு. காதுக் கருவி, மாட்டிப் பார்த்த பிறகு அவளுக்கு என்ன கேட்கிறது என்பது. அப்புறம், உனக்கு அவள் என்ன பெயர் வைக்கப் போகிறாள் என்பது. போட்டோவைக் காட்டிப் பார்த்தேன், உன்னையே உற்றுப் பார்த்தாள். இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டும் எதிர்பார்க்கப்படுவது: செப்டம்பர் 12.

தங்கை